நாற்பதாவது ஜோடி

காலைக் காபியை நான் 1993ஆம் வருடம் விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. பரிசோதனைக்கு வரும் நாளில் டீ, காபி, வெற்றிலை, பீடி எதையும் தொடக் கூடாது என்று நாற்பது பேருக்குச் சொல்லிவிட்டு, நான் மட்டும் ஆவி பறக்கக் குடித்துக்கொண்டு நிற்பது நன்றாக இருக்காது என்று பட்டது. நான் அப்படிப்பட்ட ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று ஏட்டையா என்னிடம் பேசிய தோரணையைப் பார்த்தால், பொறுப்பில்லாமல் மாத்திரையை அள்ளிக் கொடுத்தவன் என்று என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார் போலத் தெரிகிறது. என் மேல் எந்தக் குறையும் சொல்லலாம், பொறுப்பில்லாதவன் என்று மட்டும் சொல்ல முடியாது.

இன்ஸ்பெக்டர் ஐயா வெள்ளைத்தாள் கொடுத்து, நடந்ததைக் கைப்பட எழுதச் சொன்னார். எழுதுகிறேன். என் பெயர் ஜெபக்குமார். வயது நாற்பத்தொன்று. அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக ஈ.சி.ஜி. எடுக்கிறேன். நெஞ்சில் ஒயர் ஒட்டி, இருதயம் துடிப்பதைக் கட்டம் போட்ட காகிதத்தில் கோடாக எடுக்கும் வேலை. இந்தப் பதினாறு வருடத்தில் நான் எடுத்த கோட்டைப் பார்த்து எந்த டாக்டரும் திரும்ப எடுக்கச் சொன்னதில்லை.

பலரும் நினைப்பதுபோல நல்ல இருதயம் கடிகாரம் மாதிரி அடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் கொஞ்சம் நெருங்கும், விடும்போது கொஞ்சம் விலகும். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதைக் கணக்குப் போட்டு ஒரே எண்ணாகச் சொல்லலாம். எண் பெரிதாக இருந்தால் இருதயம் நன்றாக இருக்கிறது என்று பொருள். எங்கள் டாக்டர் ஜெயசெல்விக்கு ஒரு கேள்வி இருந்தது. இன்றைக்கு ஒருவரிடம் அளந்த எண், அடுத்த வாரம் அதே ஆளிடம் அளந்தால் திரும்ப வருமா? வராது என்றால் அதை நம்பி யாருக்கும் வைத்தியம் பார்க்க முடியாதல்லவா? அதனால் நோயில்லாத நாற்பது பேர், ஆளுக்கு இரண்டு அளவு, நடுவில் ஒரு வாரம். ஆராய்ச்சி என்பது இவ்வளவுதான்.

வெளிநாட்டில் இதை அளக்கக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். எங்களிடம் நான் இருந்தேன். ஒருவர் ஐந்து நிமிடம் அசையாமல் படுத்தால் பதினைந்து மீட்டர் காகிதம் ஓடும். அதில் முந்நூற்றுச் சொச்சம் இடைவெளி. ஒவ்வொன்றையும் கவராயம் வைத்து அரை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து எழுதினேன். ஆஸ்பத்திரி வேலை முடிந்த பிறகு, மாலை நேரங்களில், மாதக்கணக்கில். என் மனைவி ஜெப ஷீலா, "காகிதத்தைக் கட்டிக்கிட்டே அழுங்க" என்பாள். கட்டுரை அச்சாகும்போது என் பெயரும் வரும் என்று டாக்டர் சொன்ன அன்று நான் உண்மையிலேயே அழுதேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

பந்தல்குடிக்குத் தெற்கே, தார் ரோட்டை விட்டு நாலு கிலோமீட்டர் உள்ளே போனால் அந்த ஊர். எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேல். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் அனுப்புவதுதான் பாதிப் பேருக்குப் பிழைப்பு. தலையாரி ஐயாத்துரையிடம் விவரம் சொன்னேன். அவர் தமுக்கடித்து, வீட்டுக்கு ஓர் ஆள், முப்பது நாற்பது வயதில், நோய் நொடி இல்லாதவராகப் பால்வாடிக் கட்டடத்துக்கு வர வேண்டும் என்று அறிவித்தார். வார்த்தை சுருக்கமாக இருந்ததால் எனக்கும் பிடித்திருந்தது.

வாரத்துக்கு ஓரிருவராக அளந்து வந்ததில், நாற்பதாவதாக, கடைசியாக வந்தவர் கோட்டைச்சாமி. லாரியில் கரி மூட்டை ஏற்றுகிறவர், வண்டியோடு வெளியூரும் போய் வருவார். நல்ல தேகக்கட்டு. கேள்வித்தாளில் சர்க்கரை, நெஞ்சுவலி, இளைப்பு என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார், இல்லை என்று எழுதினேன். அவருடைய எண் அறுபத்திரண்டு. அந்த ஊரிலேயே அழகான கோடு அதுதான். அந்த முதல் அளவுக்கு நான் மட்டும்தான் போனேன், டாக்டர் வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டாவது அளவு. அன்று டாக்டரும் வந்திருந்தார். "கோட்டைச்சாமி" என்று கூப்பிட்டேன். "இருக்கேன் சார்" என்று ஒருவர் எழுந்து வந்து படுத்தார். நகக்கண்ணெல்லாம் கரியாக இருந்ததைப் பார்த்து டாக்டர் ஏதோ கேலியாகக் கேட்க, அவர் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு முகங்களைப் பார்க்கிற வழக்கமில்லை. நெஞ்சைப் பார்ப்பேன், ஒயரைப் பார்ப்பேன், காகிதத்தைப் பார்ப்பேன். வேலைக்கு அது போதும். ஒயரை ஒட்டும்போது அவர் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் சத்தம் கேட்டதாக ஞாபகம். குறித்து வைக்கவில்லை.

சனிக்கிழமை அளந்து முடித்தபோது அவருடைய எண் பத்தொன்பது என்று வந்தது. நாடியும் நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு. இன்னொரு முறை அளந்தேன். அதே பத்தொன்பது. மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் இரண்டு எண்களும் அண்ணன் தம்பி மாதிரிப் பொருந்தி வந்திருந்தன. இந்த ஒரு ஜோடியால் மொத்தப் பொருத்தமும் சரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அதுக்கு ஏன் இப்படி முகத்தைத் தொங்கப் போட்டிருக்கீங்க?" என்றார் அவர். "பொருந்தலேன்னா அதுவும் ஒரு பதில்தான், ஜெபக்குமார். அப்படியே எழுதுங்க. ஆனா ஒரு வாரத்துல இவ்வளவு இறங்கியிருந்தா அவருக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கும். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை எடுப்போம். நானும் வாரேன்."

அதுவும் ஒரு பதில்தான் என்று அவர் சொன்னதை நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். அவருக்கு அது சுலபம். அவர் டாக்டர், அடுத்த ஆராய்ச்சி அவருக்கு இருக்கும். பொருந்தவில்லை என்று அச்சில் வந்தால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அருப்புக்கோட்டையில் எவனோ ஒருவன் கவராயத்தை ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

திங்கட்கிழமை சைக்கிளில் அந்த வீட்டுக்குப் போனேன். ஒரு பெண் வாசலில் கரி சலித்துக்கொண்டிருந்தார். பெயர் லிங்கம்மாள். கோட்டைச்சாமி எங்கே என்று கேட்டேன்.

"மூத்தவுக ஊருல இல்ல சார். லோடு ஏத்திக்கிட்டு சேலத்துப் பக்கம் போயிருக்காக. வர பத்துப் பதினஞ்சு நாளாகும்."

"எப்பப் போனாரு?"

"அது ஆச்சே, போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறு."

"செவ்வாக்கிழமை வந்து படுத்தாரே."

"அது எங்க வீட்டுக்காரரு சார். அவுக தம்பி, இருளப்பசாமி. பேரு கூப்பிட்டு ஆளு வரலேன்னா வீட்டுக்குல்ல கேவலம்? வீட்டுக்கு ஒரு ஆளுன்னுதான சாட்டுனீக."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பக்கத்தில் கண்மாய்க் கரைக்கு மண் போடவும், வரத்துக்கால் வெட்டவும் வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும். தமுக்கில் சொல்லும் வார்த்தையும் இதேதான். மூத்தவர் பெயரைக் கூப்பிடுவார்கள். அண்ணன் இல்லையென்றால் தம்பி "இருக்கேன்" என்பான். வந்தது எந்த வீடு என்றுதான் கணக்கு, வந்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. அவர்களைப் பொறுத்தவரை கண்மாயும் ஒன்றுதான், என் பரிசோதனையும் ஒன்றுதான். நானும் திருச்சுழிப் பக்கம் பிறந்தவன். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. என் அளவில் பிழையில்லை, ஆள்தான் வேறு. ஆனால் சைக்கிளை எடுப்பதற்குள் நிம்மதி போய்விட்டது. இதைச் சொன்னால் டாக்டர் அடுத்து என்ன கேட்பார்? ஆறு ஒயர் ஒட்டிய உங்களுக்கு ஆள் மாறியது தெரியவில்லையா என்பார். பிறகு மற்ற முப்பத்தொன்பது வீட்டிலும் போய் விசாரிக்கச் சொல்வார். ஒரு வருட வேலை, என் பெயர், எல்லாம் குப்பைக்கூடைக்குப் போகும். கோட்டைச்சாமியைக் கொண்டுவந்து படுக்கவைக்கவும் வழியில்லை. அவர் சேலத்தில் இருக்கிறார். ஊரில் இருந்திருந்தாலும், டாக்டர் பார்த்துச் சிரித்துப் பேசிய முகம் தம்பியுடையது.

பத்தொன்பதை அடித்துவிட்டு வேறு எண் எழுதியிருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். மன்னிக்க வேண்டும், அந்தக் கேள்வி எனக்கு வருத்தமாக இருந்தது. காகிதத்தில் இல்லாத எண்ணை எழுதுகிறவன் நான் இல்லை. வெள்ளிக்கிழமை டாக்டர் முன்னால் இருளப்பசாமி படுக்கும்போது, காகிதத்திலேயே அறுபத்திரண்டு வர வேண்டும். அதற்கு ஒரு வழி எனக்குத் தெரியும்.

நாடியைக் குறைக்கும் மாத்திரை ஒன்று உண்டு. ரத்தக் கொதிப்புக்கும் படபடப்புக்கும் கொடுப்பார்கள். போட்டால் துடிப்பு நிதானமாகும், ஏற்ற இறக்கமும் கூடும். ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்தது. யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். இளைப்பு உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். பதினாறு வருடம் டாக்டர்கள் பக்கத்திலேயே நிற்கிறவனுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. தெரியும்.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் கொண்டுபோனேன். இருளப்பசாமி மூட்டத்திலிருந்து வந்து தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பெஞ்சைத் துடைத்துப் போட்டார். ஆள் மாறி வந்தது தப்பு என்று நான் சொன்னதும் முகம் வாடிவிட்டது.

"அண்ணன் பேரு கெட்டுப் போயிருமா சார்?"

"கெடாது. நான் பாத்துக்கிறேன். நாளையில இருந்து இத காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு போடுங்க. சத்து மாத்திரைதான். வெள்ளிக்கிழமை டாக்டரம்மா முன்னாடி இன்னொரு தடவ படுத்தாப் போதும்."

லிங்கம்மாள் பொட்டலத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இவுகளுக்கு இளைப்பு உண்டு சார். புகையில நின்னு நின்னு வந்தது. பந்தல்குடி மெடிக்கல்ல ஒரு சின்ன மாத்திரை வாங்கிப் போடுறாக. அதுக்கு இது சேருமா?"

"சேரும்" என்றேன். அந்தச் சின்ன மாத்திரை நாடியைத் துரிதப்படுத்தும். அன்றைக்குத் தொண்ணூற்றாறு வந்ததற்கே அதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே, "அத மட்டும் வெள்ளிக்கிழமை வரைக்கும் நிறுத்தி வைங்க" என்றும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பால்வாடிக்கு மூன்று படி. இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தார். படுத்ததும் இருமல் வந்தது. கோடு கலையும் என்று நான் சொல்லியிருந்ததால், ஐந்து நிமிடமும் துண்டைக் கடித்துக்கொண்டு அடக்கினார். அப்படி ஒத்துழைத்தவர்கள் மிகவும் குறைவு. நாடி அறுபத்தாறு. எண் பிறகு அளந்ததில் ஐம்பத்தெட்டு. அறுபத்திரண்டுக்கு ஐம்பத்தெட்டு என்பது நல்ல பொருத்தம்.

"மூச்சு வாங்குதே" என்றார் டாக்டர்.

"கரிப்புகை டாக்டர். வெயில் காலத்துல எல்லாருக்கும் இப்படித்தான்" என்றேன். இருளப்பசாமியும் "ஒண்ணுமில்லம்மா" என்றார். வீட்டுப் பெயரைக் காப்பாற்ற வந்தவர் வேறு என்ன சொல்வார். டாக்டருக்குத் திருப்தியில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரச் சொன்னார். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கலாம், அப்படியே கடைசியாக ஒருமுறை அளந்தும்விடலாம் என்றார்.

அவர் ஜீப்பில் ஏறிய பிறகு நான் இருளப்பசாமியிடம் போனேன். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"இது போட்டதுல இருந்து... மூச்சு விட முடியல சார். பழைய மாத்திரைய... ஒண்ணே ஒண்ணு போட்டுக்கிடவா?"

பழைய மாத்திரையைப் போட்டால் திங்கட்கிழமை நாடி ஓடும். நான் சட்டைப்பையிலிருந்து இன்னும் மூன்று நாளைக்கான மாத்திரையை எடுத்து அவர் கையில் வைத்தேன். "திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறம் என்ன வேணாலும் போட்டுக்கிடுங்க" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கட்டிலில் புது விரிப்புப் போட்டு வைத்திருந்தேன். தலையாரி ஐயாத்துரைதான் வந்தார். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது இருளப்பசாமி இறந்துவிட்டார் என்று சொன்னார். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே இருந்தாராம். லிங்கம்மாள் அந்தச் சின்ன மாத்திரையைத் தண்ணீரோடு வாய்க்குக் கொண்டுபோயிருக்கிறார். இவர் கையைத் தட்டிவிட்டு, "சார்கிட்ட ஒத்துக்கிட்டேன்" என்றாராம். அதுதான் கடைசிப் பேச்சு. ஊரில் மூட்டப் புகை கொன்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

கோட்டைச்சாமி இறந்துவிட்டார் என்று டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையே கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். இவரை ஆராய்ச்சியில் வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று கேட்டார். முதல் அளவு எடுத்த அன்று அவருக்கு ஒன்றுமில்லை, எண்ணும் பொருந்துகிறது, வைத்துக்கொள்ளலாம் என்றேன். பத்தொன்பதை, உடம்பு சரியில்லாத நாள் என்று தள்ளினோம். கட்டுரை 1995இல் அச்சானது. மூன்றாவது பெயர் என்னுடையது.

இந்த வருடம் ஆவணி மாதம் கோட்டைச்சாமி கை முறிந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பழைய பரிசோதனைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, இந்த ஆஸ்பத்திரிதானே என்று டாக்டர் ஜெயசெல்வியிடமே நீட்டியிருக்கிறார். செத்துப்போனவர் பெயரில் முன்பின் பார்த்திராத ஒருவர் நிற்பதை டாக்டர் பார்த்தார். அப்புறம் அவர் ஊருக்குப் போனார், லிங்கம்மாளிடம் பேசினார், உங்களிடம் வந்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆகவே, கேட்டதற்குப் பதில் எழுதிவிடுகிறேன். இருளப்பசாமிக்கு இளைப்பு உண்டு என்று தெரிந்து, அந்த மாத்திரை இளைப்புக்காரரைக் கொல்லும் என்று தெரிந்து, நான் கொடுத்தேன். அவரைக் காப்பாற்றி வந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னதும் நான்தான். வெள்ளிக்கிழமை அவர் நின்ற நிலையைக் கண்ணால் பார்த்த பிறகு மறுபடியும் கொடுத்தேன். அவர் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. திங்கட்கிழமை வரை உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்தேன். இதை யாரும் என்னை மிரட்டி எழுதவைக்கவில்லை.

இன்னும் ஒன்று மட்டும் பாக்கி. டாக்டர் மற்ற வீடுகளிலும் போய் விசாரித்தாராம். பதினொரு வீடுகளில் இரண்டாவது தடவை வேறு ஆள்தான் வந்திருக்கிறார். அண்ணனுக்குத் தம்பி, மாமனுக்கு மருமகன், ஒரு வீட்டில் கணவருக்குப் பதில் அவருடைய பங்காளி. அந்தப் பதினொரு ஜோடிகளிலும் என் எண்கள் இரண்டு மூன்றுக்கு மேல் வித்தியாசமில்லாமல் பொருந்தியிருக்கின்றன. வேறு வேறு ஆளுக்கு ஒரே எண் எப்படி வரும், முதல் எண்ணைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டுதானே இரண்டாவதை அளந்தீர்கள் என்று டாக்டர் இங்கே வந்தபோது கேட்டார். ஆமாம், பக்கத்தில்தான் வைத்திருந்தேன், அதற்கென்ன? அவரே உட்கார்ந்து அந்தக் காகிதங்களைத் திரும்ப அளந்திருக்கிறார். ஒன்றுகூடப் பொருந்தவில்லையாம். அளந்து பழக்கமில்லாதவர்கள் அளந்தால் அப்படித்தான் வரும்.